மகளின் கட்டுரையை யார் எழுதுவது?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

“என் மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம், என் கணவரின் விருப்பமும் அதுவே. மதிப்பெண்களில் குறையில்லை. சிக்கல் எல்லாம் கல்லூரி விண்ணப்பத்துக்கான கட்டுரையில்தான். ஆகஸ்ட் மாதம் அவளாகவே ஒன்று எழுதினாள். என் மாமியார், அவளுடைய ஆச்சி, இரண்டு முறை விசிட்டர் விசாவில் வந்து ஆறாறு மாதம் எங்களோடு இருந்தார். ஃப்ரீசரில் வைக்கும் ஒவ்வொரு டப்பாவின் மீதும் மாஸ்கிங் டேப் ஒட்டி, தமிழில் பெயரும் தேதியும் எழுதிவைப்பார். வாரக் கடைசித் தமிழ்ப் பள்ளியில் கற்ற அரைகுறை எழுத்தை வைத்துக்கொண்டு அதை இவள் படித்த கதையைத்தான் எழுதியிருந்தாள். ‘சாம்பார்’ என்பதை ‘சரம்பரர்’ என்று படித்தாளாம். எனக்குச் சிரிப்பு வந்தது. என் கணவரோ, ‘டப்பாவைப் பற்றி எழுதினால் எந்தக் கல்லூரி இடம் கொடுக்கும்?’ என்றார்.

ஆச்சி போன பிப்ரவரியில் ஊரில் காலமானார். கணவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நானும் மகளும் இங்கே இரவு இரண்டு மணிக்கு ஃபோனில் பார்த்தோம். இப்போது ஒரு தனியார் ஆலோசகரிடம் 3,500 டாலர் பேசி, முன்பணமும் கொடுத்திருக்கிறோம். ஆச்சியின் மரணத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும், மகள் படுக்கையருகே கையைப் பிடித்துக்கொண்டு நின்றதாக எழுதினால் படிப்பவர் மனம் இளகும் என்கிறார் அவர். என் கணவர் அதையே நான்கு முறை திருத்தி எழுதிவிட்டார். ஆசியப் பிள்ளை என்று தெரிந்தால் ஒதுக்கிவிடுவார்கள் என்று ‘தமிழ்’, ‘இந்தியா’ என்ற சொற்களை எல்லாம் எடுத்துவிட்டார். மகள் கணினியில் இருந்த அனைத்தையும் அழித்துவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

போதாக்குறைக்கு, பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏபி ஆங்கில இலக்கிய வகுப்பில் முதல் கட்டுரைக்கு ‘சி’ வாங்கியிருக்கிறாள். பொறியியலுக்கு இலக்கியம் எதற்கு, விட்டுவிடலாமா? ஆசிரியர் பரிந்துரைக் கடிதத்தில் என்ன எழுதுகிறார் என்று பார்க்க எங்களுக்கு உரிமை உண்டா? நவம்பர் 1-க்குள் ‘எர்லி டிசிஷன்’ விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும் என்கிறார் கணவர். கடைசியாக ஒன்று: ஆச்சியின் டப்பா ஒன்று இன்னும் ஃப்ரீசரில் இருக்கிறது. யாரும் தொடுவதில்லை. தீபாவளிக்குள் சுத்தம் செய்தாக வேண்டும்.”

அன்புள்ள சகோதரி,

நான் பதினாறு ஆண்டுகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆங்கில இலக்கியம் கற்பித்துவிட்டு, அதன் பிறகு கல்லூரி விண்ணப்ப ஆலோசனைக்கு வந்தவள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் உங்கள் கேள்விகளின் வரிசை எனக்கு மாறிப்போய்விட்டது. அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

படுக்கையருகே நின்ற கதை

அது நடக்கவில்லை, எழுதவும் கூடாது. பல கல்லூரிகளுக்கு ஒரே படிவமாகப் பயன்படும் காமன் ஆப் விண்ணப்பத்தின் முடிவில் மாணவர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். இதில் உள்ளவை எல்லாம் என் சொந்த எழுத்து, உண்மையானவை, நேர்மையாகச் சொல்லப்பட்டவை என்பது அதன் பொருள். பொய் என்று தெரியவந்தால் கிடைத்த இடம் ரத்தாகலாம், படிப்பின் நடுவே வெளியேற்றப்படலாம், பெற்ற பட்டமே திரும்பப் பெறப்படலாம் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. கையெழுத்து உங்கள் மகளுடையது. ஆலோசகரின் பெயர் அதில் எங்கும் வராது.

யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று அவர் கேட்கக்கூடும். அனேகமாக யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்தான். நான் யோசிப்பது வேறு. இரவு இரண்டு மணிக்கு ஃபோன் திரையில் ஆச்சியைப் பார்த்த பெண்ணிடம் ‘நீ அங்கே இருந்தாய் என்று எழுது’ என்று பெரியவர்கள் இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் அதற்கு உடன்படவில்லை என்பது கடிதத்தின் தொனியில் தெரிகிறது. ஆனால் தடுக்கவும் இல்லை. அவள் எல்லாவற்றையும் அழித்தது வெறும் பிடிவாதம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆலோசகர் விஷயத்துக்கு வருகிறேன். என் தொழிலைச் சேர்ந்தவர்தான், இருந்தாலும் சொல்கிறேன். கேள்வி கேட்பது, வரைவைப் படித்து எங்கே புரியவில்லை என்று சொல்வது, எந்தக் கல்லூரிக்கு எந்தத் தேதி என்று அட்டவணை போட்டுத் தருவது எல்லாம் எங்கள் வேலை. எழுதிக் கொடுப்பதும் நடக்காததைச் சேர்க்கச் சொல்வதும் எங்கள் வேலை அல்ல. ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். செய்யாத வேலைக்கான பணத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுரையில் கை வைக்கக் கூடாது, பொய் சேர்க்கக் கூடாது என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், வாய்மொழி போதாது. இந்தக் கல்லூரியில் இடம் உறுதி என்று அவர் எப்போதாவது சொல்லியிருந்தால் அன்றே விலகிவிடுங்கள். அப்படி உறுதி தரக்கூடிய ஆள் சேர்க்கை அலுவலகத்துக்கு வெளியே கிடையாது. இருப்பதாக நம்பிய பெற்றோர் பலர் 2019-இல் வெளிவந்த சேர்க்கை மோசடி வழக்கில் சிறைக்கே போனார்கள். அங்கே நடந்தது லஞ்சமும் ஆள்மாறாட்டமும்; உங்கள் வீட்டில் நடப்பதை அதோடு ஒப்பிடவில்லை. ‘எல்லோரும் செய்கிறார்கள்’ என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதியதைத் தன் எழுத்தாகக் காட்டுவதையும் காமன் ஆப் 2023-லிருந்து மோசடிப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எழுத்துப்பிழை பார்ப்பது வேறு. கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறுவதால் மகளையே அந்தந்தக் கல்லூரியின் விதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் கணவர் எழுதும் கட்டுரை

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

நான்கு முறை உட்கார்ந்து, இறந்துகொண்டிருக்கும் ஒரு தாயின் அருகே ஒருவரை நிறுத்தி, கையைப் பிடிக்கவைத்து, திருத்தித் திருத்தி எழுதியிருக்கிறார் உங்கள் கணவர். அங்கே நிற்க விரும்பியவர் அவர். விமானம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அவர் திருத்திக்கொண்டிருப்பது மகளின் கல்லூரிக் கட்டுரையாக எனக்குப் படவில்லை. அவருக்கு எழுத வேண்டியிருக்கிறது என்றால் எழுதட்டும், தமிழில், தன் பெயரில், எத்தனை பக்கம் வேண்டுமானாலும். மகளுக்கு இருப்பது 650 சொற்கள். அதற்கு மேல் ஒரு சொல் கூட அந்தப் பெட்டிக்குள் போகாது. அப்பாவுக்கும் சேர்த்து அதில் இடமில்லை.

‘பிள்ளையின் கட்டுரையைத் தொடாதீர்கள்’ என்று அவரிடம் சொன்னால் சண்டைதான் வரும். ‘உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள்.

‘தமிழ்’ என்ற சொல்லை அவர் எடுத்தது பற்றி: அந்த அச்சத்துக்கு வேரே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சேர்க்கை முறையை எதிர்த்த வழக்கே ஆசிய மாணவர்கள் பாதிக்கப்படுகிறார்கள் என்ற புகாரில்தான் எழுந்தது. ஆனால் அந்த வழக்கிலும் வட கரோலினா பல்கலைக்கழக வழக்கிலும் 2023 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது: சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பது செல்லாது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. இனப் பின்னணி தன் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று மாணவர் எழுதினால் கல்லூரி அதைப் படிக்கலாம், மதிக்கலாம். அந்த மதிப்பு அந்தத் தனி மாணவரின் துணிவுக்கும் திறமைக்கும் உரியதாக இருக்க வேண்டும். ஆகவே எழுதினால் தண்டனை இல்லை, பரிசும் இல்லை. தவிர, விண்ணப்பத்தின் முதல் கட்டத்திலேயே உங்கள் மகளின் பெயர் இருக்கிறது. அதை மறைக்க முடியுமா? ‘தமிழ்’ என்ற சொல் இல்லாமல் அந்த டேப்பில் எழுதியிருந்ததை எப்படிச் சொல்வாள்?

டப்பாக் கட்டுரை

இனி, நீங்கள் சிரித்துக் கடந்த இடம்.

பெரிய சோகமோ பெரிய சாதனையோ இருந்தால்தான் கட்டுரை எடுபடும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. முதலில் கட்டுரையின் எடையைச் சரியாகப் போட்டுக்கொள்வோம். நான்கு ஆண்டு மதிப்பெண்களும் எடுத்த பாடங்களின் கடினமும்தான் விண்ணப்பத்தின் முதுகெலும்பு. அது பலவீனமாக இருந்தால் கட்டுரை காப்பாற்றாது. அது பலமாக இருக்கிற, ஒன்றுபோலவே தெரிகிற பிள்ளைகள் பலர் நடுவே, ‘இந்தப் பெண் யார்’ என்று காட்டுவதற்குத்தான் கட்டுரை. சாதனைகளுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது, பத்து வரிசை. அங்கே சொன்னதை இங்கே திரும்பச் சொல்வது கிடைத்த இடத்தை வீணாக்குவது.

தாத்தா பாட்டியின் மரணத்தைப் பற்றிய கட்டுரைகள் என் மேசையைக் கடந்து ஏராளமாகப் போயிருக்கின்றன. துக்கம் பொய்யல்ல, ஆனால் முக்கால்வாசிக் கட்டுரைகளின் கடைசிப் பத்தியை நான் படிக்காமலே சொல்லிவிடுவேன். விடாமுயற்சியைக் கற்றேன், அன்பைக் கற்றேன், மருத்துவராக முடிவெடுத்தேன். அதே அளவுக்கு அலுத்துப்போனவை பாட்டி சமையல் கட்டுரைகள். மசாலா வாசனை, அடையாளம், இரண்டு பண்பாடுகளின் நடுவே நான். உங்கள் மகளும் அந்தப் பள்ளத்தில் விழக்கூடும், எச்சரிக்கையாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் ‘சரம்பரர்’ அந்தப் பள்ளத்தில் இல்லை. அது எப்படி நேர்ந்திருக்கும் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பலரின் கையெழுத்தில் துணைக்காலும் ‘ர’வும் ஒன்றுபோலவே இருக்கும். நமக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் நாம் எழுத்தைப் படிப்பதில்லை, சொல்லைப் படிக்கிறோம். சொல் தெரியாத பிள்ளை ஒவ்வொரு எழுத்தாகத்தான் போக வேண்டும். ச, ர, ம், ப, ர, ர். போய் நின்றதும், இப்படி ஒரு சொல் இருக்க முடியாது என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. பிறகு எது ‘ர’, எது கால் என்று பிரித்திருக்கிறாள். டப்பாவின் நிறத்தைப் பார்த்தாளா, தேதியை வைத்து அன்று என்ன சமையல் என்று கணக்குப் போட்டாளா, பக்கத்து டப்பாவோடு ஒப்பிட்டாளா? எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். பொறியியல் படிக்கப் போகிற ஒரு பெண்ணின் மூளை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ரோபோ போட்டிக் கோப்பையைவிட எனக்கு இந்தச் சாட்சி போதும்.

இதை எழுதினால் இடம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. இதைத்தான் எழுத வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவள் இப்போது வேறெதையாவது எழுத விரும்பலாம். ஆச்சியைப் பற்றி எதுவுமே எழுதாமல் இருக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. துக்கத்தை விண்ணப்பத்தில் காட்டியாக வேண்டும் என்று எந்தக் கல்லூரியும் கேட்கவில்லை.

அழித்த கோப்பு வேண்டுமானால் மீளும். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். ஆனால் அவளுக்குத் தெரியாமல் நீங்கள் போய்த் தோண்டாதீர்கள். ‘இப்படி ஒரு வழி இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பேச்சைத் தொடங்க வேண்டும் என்றால் கட்டுரையைப் பற்றிக் கேட்காதீர்கள். ‘இதில் நீ என்ன கற்றாய்?’ என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். முதன்முதலாக யார் உதவியும் இல்லாமல் படித்த டப்பா எது? தவறாகப் படித்து எதை எடுத்து உருகவைத்துவிட்டாய்? ஆச்சி என்ன பேனாவால் எழுதுவார்? இன்றுவரை படிக்க முடியாதது ஏதாவது உண்டா? இப்படிக் கேளுங்கள். அவள் பேசும்போது குறிப்பு எடுக்காதீர்கள், ‘இதை எழுது’ என்று சொல்லாதீர்கள். பதிலுக்கு உங்களுக்கு நினைவிருப்பதைச் சொல்லுங்கள்.

பிறகு அவள் வரைவு காட்டினால், அதுவும் காட்டினால்தான், பென்சிலை எடுத்துக்கொண்டு ஒரே வேலை செய்யுங்கள். படிக்கும்போது எங்கே உங்கள் மனம் நழுவியதோ அங்கே ஓரத்தில் ஒரு கோடு. வேறு எதுவும் வேண்டாம். சொல்லை மாற்றாதீர்கள், ‘இன்னும் நல்ல’ சொல் தராதீர்கள். பதினேழு வயதுப் பெண்ணின் வாக்கியத்தில் நாற்பத்தைந்து வயதுப் பொறியாளரின் சொல் ஒன்று நுழைந்தால், வெள்ளைச் சட்டையில் வேறு நிறப் பொத்தான் தைத்ததுபோல் தனியே தெரியும். கட்டுரை படித்துப் பழகிய நாங்கள் அதைத் தேடாமலே பார்த்துவிடுவோம்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிப்பதாக இருந்தால் இந்தக் கட்டுரையை அங்கே ஒட்ட முடியாது. அங்கே எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். நடையும் வேறு. அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

‘சி’ வாங்கிய வகுப்பு

பொறியியலுக்கு இலக்கியம் எதற்கு என்ற கேள்விக்குப் பெரிய பதில்கள் பல உண்டு, அவற்றை விட்டுவிடுகிறேன். நடைமுறைப் பதில் முதலில். பெரும்பாலான கல்லூரிகள் பள்ளியில் நான்கு ஆண்டு ஆங்கிலத்தை எதிர்பார்க்கின்றன, பொறியியலுக்கும் சேர்த்துத்தான். ஆகவே ஏபி வகுப்பை விட்டாலும் சாதாரண பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம் இருந்தே ஆக வேண்டும். விண்ணப்பத்தில் ஏபி என்று குறிப்பிட்டுவிட்டுப் பிறகு மாற்றினால் கல்லூரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். பள்ளி எப்படியும் அரையாண்டு மதிப்பெண் அறிக்கையும் ஆண்டிறுதி அறிக்கையும் அனுப்பும். இடம் கிடைத்த பிறகும் இந்த ஆண்டு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். வகுப்பை மாற்றுவதற்குப் பள்ளியில் ஒரு கடைசித் தேதி இருக்கும். அது தாண்டினால் மதிப்பெண் பட்டியலில் விலகியதற்கான குறி விழக்கூடும். பள்ளி ஆலோசகரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

மாற்றினால் வாழ்க்கை போய்விடாது. ஆனால் முதல் ‘சி’யைப் பார்த்து மாற்றாதீர்கள். இந்த வகுப்பில் முதல் கட்டுரைக்கு நான் கொடுத்த மதிப்பெண்களைப் பார்த்து அழுத முதல் மாணவர்கள் எப்போதும் நல்ல மாணவர்கள்தான். காரணம் இருக்கிறது. அதுவரை அவர்கள் எழுதிவந்தது கதைச் சுருக்கமும் அதன் கீழே ஒரு பெரிய கருத்தும். இங்கே அது செல்லாது.

ஏபி தேர்வு மே மாதம் நடக்கும், மூன்று மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் 55 கொள்குறி வினாக்கள். அடுத்த இரண்டு மணி நேரத்தில் மூன்று கட்டுரைகள்: முன்பின் பார்த்திராத ஒரு கவிதை பற்றி ஒன்று, ஒரு புனைகதைப் பகுதி பற்றி ஒன்று, மாணவரே தேர்ந்தெடுக்கும் நாவல் அல்லது நாடகம் பற்றி ஒன்று. கட்டுரைக்கு 6 புள்ளிகள். நிலைப்பாட்டுக்கு 1, நுட்பமான பார்வைக்கு 1. மீதி 4 புள்ளிகளும் சான்று காட்டி அதை விளக்குவதற்கு. ‘கவிஞர் தனிமையை அழகாகச் சித்திரிக்கிறார்’ என்று முடித்துக்கொண்டால் அந்த நான்கில் பெரும்பகுதி போய்விடும். எந்தச் சொல்லில் தனிமை இருக்கிறது, பக்கத்தில் வேறு சொல் இருக்க இது ஏன் வந்தது, எந்த வரியில் கவிதை திரும்புகிறது என்று காட்ட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் கதைச் சுருக்கங்கள் இதற்கு உதவாது. பார்த்திராத கவிதைக்கு ஏது சுருக்கம்?

கவனித்தீர்களா, சகோதரி? எது ‘ர’, எது கால் என்று பிரித்து, ‘இது சாம்பார்தான்’ என்று காரணத்தோடு முடிவுக்கு வந்த பெண் இவள். அதே வேலைதான் இது, மொழி வேறு. அவளுடைய ஆசிரியருக்கு அந்த டேப் விஷயம் தெரிந்தால் மிகவும் மகிழ்வார். மகள் விரும்பினால் சொல்லட்டும்.

நீங்கள் இலக்கியம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள், பத்து நிமிடம் போதும். பாடப்புத்தகத்திலிருந்து ஒரு சிறு கவிதை. முதல் முறை அவள் வாய்விட்டுப் படிக்கட்டும், பென்சில் வேண்டாம். இரண்டாம் முறை, இங்கே இந்தச் சொல் ஏன் என்று தோன்றும் இடத்தில் ஒரு வட்டம். மூன்றாம் முறை, கவிதையின் குரல் எங்கே மாறுகிறது என்று தேடச் சொல்லுங்கள். ‘ஆனால்’, ‘இருந்தும்’ என்பதுபோன்ற சிறு சொற்களில் அது ஒளிந்திருக்கும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘எப்படித் தெரிந்தது?’ உங்களுக்குக் கவிதை புரியாவிட்டால் இன்னும் நல்லது, அவள் விளக்க வேண்டியிருக்கும். பள்ளியில் ஆசிரியரிடம் அந்த ‘சி’ கட்டுரையை எடுத்துப்போய், எந்தப் பத்தியில் புள்ளி போனது என்று அவளே கேட்கட்டும். நீங்கள் மின்னஞ்சல் எழுத வேண்டாம்.

அடுத்த இரண்டு கட்டுரைகளுக்குப் பிறகும் மதிப்பெண் அசையாமல், தூக்கமும் மற்றப் பாடங்களும் கெடுகின்றன என்றால் அப்போது மாற்றுவது நியாயம்.

பரிந்துரைக் கடிதமும் நவம்பர் 1-உம்

1974-ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்விப் பதிவுச் சட்டப்படி, பரிந்துரைக் கடிதத்தைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு. அதுவும் அந்தக் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான், சேராத கல்லூரியில் கிடையாது. கல்லூரிக்குப் போன கடிதத்தைப் பெற்றோர் இப்போது அங்கே கேட்டுப் பார்க்க அந்தச் சட்டத்தில் வழியில்லை. விண்ணப்பத்தில் அந்த உரிமையைக் கைவிடுகிறேனா என்ற கேள்வி வரும். பெரும்பாலோர் கைவிடுகிறார்கள்; நானும் அதையே சொல்வேன். மாணவர் பார்க்க மாட்டார் என்று தெரிந்து எழுதிய கடிதத்துக்குத்தான் படிப்பவரிடம் மதிப்பு.

எர்லி டிசிஷன் என்பது கட்டுப்படுத்தும் விண்ணப்பம். மகள், பெற்றோரில் ஒருவர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்திட வேண்டும். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுவிட்டு அங்கேதான் சேர வேண்டும். கல்லூரி தரும் நிதியுதவி போதவில்லை என்பதுதான் பொதுவாக ஏற்கப்படும் விலக்கு. ஆகவே கையெழுத்துக்கு முன், அந்தக் கல்லூரியின் இணையதளத்தில், நிதியுதவி போக நீங்கள் கட்ட வேண்டியதைக் காட்டும் நிகரச் செலவுக் கணிப்பானில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். வேறு கல்லூரிகளின் சலுகைகளோடு ஒப்பிடும் வாய்ப்பு இதில் இல்லை. அந்தக் கல்லூரி மகளுக்கு முதல் விருப்பமா, அப்பாவுக்கா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தயாராக இல்லாவிட்டால் நவம்பர் 1 போகட்டும். வழக்கமான சுற்றுக்குப் பல கல்லூரிகளில் ஜனவரி முதல் வாரம் வரை நேரம் இருக்கிறது. அவசரத்தில் அப்பா எழுதிய கட்டுரையைவிட டிசம்பரில் அவளே எழுதியது மேல்.

சாத்திய கதவு

இதைக் கடைசியில் வைத்ததால் சிறியது என்று எண்ண வேண்டாம். பிப்ரவரியில் இழந்த ஆச்சியைச் செப்டம்பரில் கட்டுரைப் பொருளாக்கி வீட்டில் நாள்தோறும் விவாதம் நடந்திருக்கிறது. எந்தப் பிள்ளையும் கதவைச் சாத்தும். இரண்டு வாரம் கட்டுரைப் பேச்சே எடுக்காமல் இருங்கள். அதற்குப் பிறகும் சாப்பாடு, தூக்கம், நட்பு இவற்றிலிருந்து விலகியே இருந்தால் குழந்தை மருத்துவரிடமும் பள்ளி ஆலோசகரிடமும் சொல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல் ஒரு சொல் வந்தாலும் காத்திருக்காதீர்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண் இரவும் பகலும் கிடைக்கும், நீங்களும் அழைக்கலாம்.

அந்த டப்பா. உள்ளே இருப்பதை இனி உண்ண முடியாது, அது உங்களுக்கே தெரியும். ஆனால் மகள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து எடுத்துக் கழுவிவிடாதீர்கள். ஒரு சனிக்கிழமை மூன்று பேருமாக அதை வெளியே எடுத்து மேசை மீது வையுங்கள். பனி உருகியதும் டேப் தானாகவே விட்டுக்கொடுக்கும். கிழியாமல் எடுத்து ஒரு காகிதத்தில் ஒட்டிவையுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களும் உங்கள் கணவரும் முந்திக்கொண்டு படித்துவிட வேண்டாம். அவள் படிக்கட்டும்.